அறுபத்தொரு நாற்காலியும் ஒரு பாயும்

கர்த்தருடைய கிருபையால், கோவளத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டியிருக்கும் நம் மெதடிஸ்ட் சபைக்கு 1957-ஆம் வருஷம் ஐம்பது வயது நிறைந்தது. மனுஷனுக்கு ஐம்பது வயதானால் மூக்குக் கண்ணாடி போடுவான். சபைக்கு ஐம்பது வயதானால் கமிட்டி போடும். நாமும் போட்டோம்.

பொன்விழாக் கமிட்டியின் காரியதரிசி சாலமோன். தாலுகா ஆபீஸில் பத்தொன்பது வருஷமாகக் குமாஸ்தா. அதற்குள் ஏழு தாசில்தார்கள் வந்து போய்விட்டார்கள். ஏழு பேர் முன்னாலும் சாலமோன் கைகட்டி நின்றாரே தவிர, ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்று எந்த உத்தரவும் கிடையாது. உட்காரலாம் என்றும் கிடையாது. சர்க்கார் உத்தியோகத்தில் இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்.

ஆகவே, எட்டாவது தாசில்தாரான ராஜகோபாலன் அவர்களைத் தலைமை தாங்க அழைக்கலாம் என்று சாலமோனே முன்மொழிந்தார். தாசில்தாரும் சம்மதித்துவிட்டார். மேடையில் நாலே நாற்காலி: தாசில்தாருக்கு ஒன்று, போதகர் ஆபிரகாமுக்கு ஒன்று, பாடகர் குழுத் தலைவர் தனகோடிக்கு ஒன்று, காரியதரிசிக்கு ஒன்று. அந்த நாலாவது நாற்காலிக்காகவே சபைக்கு ஐம்பது வயது ஆனதாகச் சாலமோனுக்குத் தோன்றியது.

வீட்டில் ஒத்திகை ஆரம்பமாயிற்று.

"இன்னாய்யா, கண்ணாடி எதிர்ல கால்மேல கால் போட்டுகினு கீற?" என்றாள் மனைவி சந்திரம்மா.

"பழகறேன்."

"குந்தறதுக்கா?"

"தாசில்தார் பக்கத்துல குந்தறதுக்கு. அது வேற."

நோட்டீஸ் அச்சாகி வந்த அன்றே மாதர் சங்கத் தலைவி செல்லம்மா வந்துவிட்டாள்.

"பாட்டு பாடற தனகோடிக்கு மேல சேரு. மூணு நாள் அடுப்புல வெந்து முறுக்கு சுடற எங்களுக்குக் கீழ பாயா? இன்னா நாயம் இது?"

முடியாது என்றால், 'உனக்கு மட்டும் எதுக்கு சேரு?' என்று கேட்பாள். எனவே சாலமோன் முறுக்கு உபகமிட்டி என்று ஒன்றை ஏற்படுத்தி, அதற்குச் செல்லம்மாவைத் தலைவியாக்கி, தலைமைப் பதவி வகிப்போருக்கு மேடையில் ஆசனம் உண்டு என்று குறிப்பு எழுதி வைத்தார். அதோடு தொலைந்தது என்று நினைத்தார். அங்கேதான் தொடங்கிற்று.

ஒரே வாரத்தில் தோரண உபகமிட்டி, தண்ணீர்ப் பந்தல் உபகமிட்டி, மழை வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கும் உபகமிட்டி எல்லாம் பிறந்தன. கடைசியில் வந்த ராமதாஸுக்குக் கொடுக்க வேலை ஒன்றும் மிச்சமில்லை. உபகமிட்டிகள் அதிகமாகிவிட்டன என்று கவலைப்படும் உபகமிட்டிக்கு அவர் தலைவரானார்.

இத்தனை பேருக்கு மேடை வேண்டுமே! கோயில் பெஞ்சுகளை எல்லாம் வெளியே இழுத்து, அடுக்கிக் கட்டி மேடையாக்கினார்கள். பெஞ்சுகள் மேலே போனதால் கீழே உட்கார ஒரே ஒரு கோரைப் பாய்தான் எஞ்சியது. பாயைப் பார்த்ததும், அதுவரை பெருந்தன்மையாக இருந்த பதினோரு பேரும் பதவி கேட்டார்கள். சபை ஜாபிதாவில் பெரியவர்கள் அறுபத்தொரு பேர். அதில் அறுபது பேர் மேடைக்குப் போய்விட்டார்கள். பாக்கி, கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் செங்கம்மாள் மட்டும்.

"எனக்கு மூட்டு நோவுது. அம்மாம் ஒசரம் எவ ஏறுவா?" என்று அவள் சொல்லிவிட்டாள்.

போதகருக்குச் சந்தேகம் வந்தது. "ஏம்ப்பா சாலமோன், எல்லாரும் மேல இருந்தா, கீழ யாரு?"

"செங்கம்மா கீறாங்களே, ஐயா."

"ஒருத்தர் போதுமா?"

"இத்தினி பேர் இருக்கணும்னு விதியில ஒண்ணும் இல்லீங்களே."

நிகழ்ச்சி நிரலில் இருபத்து மூன்று அம்சங்கள். இருபத்து மூன்றாவது: ஜெபம், நேரமிருந்தால்.

விழா நாளும் வந்தது. மணலில் உறுமிக்கொண்டு ஜீப் வந்து நின்றது. அறுபது பேரும் ஒரே சமயத்தில் மரியாதையாக எழுந்தார்கள். மேடை 'கிரீச்' என்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, மனசு மாறி மறுபடி நிமிர்ந்தது. தாசில்தார் ராஜகோபாலன் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"சாலமோன், மேடை ஆடறதே! எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கறாங்காணும். நான் கீழேயே இருந்துக்கறேன்."

சொல்லிவிட்டுப் பாயில், செங்கம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். செங்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நைனா, நீ எந்தக் கமிட்டி?"

"நான் எந்தக் கமிட்டியும் இல்லேம்மா."

"அப்ப நல்லா குந்து," என்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"அடடா, என்ன எளிமை!" என்றார் தனகோடி மேலிருந்து. அப்புறம்தான் உறைத்தது: அதிகாரி தரையில் இருக்கும்போது மேலே இருக்கலாமா? அறுபதில் ஐம்பத்தொன்பது பேர் மேடையிலிருந்து குதித்தார்கள். ஆறடிப் பாயில் தாசில்தார் பக்கத்தில் இடம் பிடிக்க, மாதர் சங்கமும் பாடகர் குழுவும் முழங்கையால் இடித்துக்கொண்டன.

மேலே நின்றது சாலமோன் ஒருவர்தான். கையில் வரவேற்புப் பத்திரம். அச்சடித்ததைத் திருத்த அதிகாரம் இல்லாததால், "மேடையை அலங்கரிக்கும் தாசில்தார் அவர்களே!" என்று பாயைப் பார்த்து வாசித்து முடித்தார்.

"படிச்சாச்சோன்னோ? உட்காரும்," என்றார் தாசில்தார்.

பின்னால் அறுபத்தொரு நாற்காலிகள் காலியாக இருந்தன. எதில் வேண்டுமானாலும் உட்காரலாம். தாசில்தாரே வாய்திறந்து சொல்லிவிட்டார். சாலமோன் ஒரு நாற்காலியின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை. கைகள் தாமாக வந்து கட்டிக்கொண்டன.

"இருக்கட்டும் சார்," என்றார்.

மூன்று மணி நேரம் அப்படியே நின்றார். ஜெபத்துக்கு நேரமில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் சந்திரம்மா கேட்டாள்: "அத்தினி சேர் சும்மா கெடந்துதே. ஒரு தபா குந்தியிருக்கலாமில்ல?"

"குந்தணும்னுதான் இருந்தேன். கால் மடங்கல, சந்திரா." அவள் அவர் கையிலிருந்த வரவேற்புப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த ஞாயிறு நிறைவேறிய தீர்மானங்கள் மூன்று. ஒன்று, தாசில்தாரின் எளிமையைப் போற்றுவது. இரண்டு, மூன்று மணி நேரம் நின்றே சேவை செய்த சாலமோனின் தாழ்மையைப் போற்றுவது. மூன்று, அடுத்த விழாவில் மேடை வேண்டாம், எல்லோரும் பாயில்தான் உட்காருவது. அதோடு, அதிகாரிக்குப் பக்கத்தில் யார் என்று முடிவு செய்யப் பாய்க் கமிட்டி அமைப்பது. மறுநாளே அறுபது மனுக்கள் வந்தன. பாயில் இடம் போதாததால், செங்கம்மாளுக்கு மட்டும் ஒரு மேடை போட்டு அதில் உட்காரவைப்பது என்று முடிவாயிற்று.

"மூட்டு நோவுதுன்னு சொன்னனேடா, பாவிங்களா!" என்றாள் செங்கம்மாள். ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டு நிராகரிக்கப்பட்டது.

பாய்க் கமிட்டிக்கும் காரியதரிசி சாலமோன்தான். இப்போது தினமும் கண்ணாடி முன்னால் பாயை விரித்து, சம்மணம் போட்டுப் பழகுகிறார். கால் நன்றாக மடங்குகிறது. கண்ணாடியில் தாசில்தார் இல்லை.