சித்தப்பா எரித்த கார்

வெள்ளவத்தை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இல்லை, காரை இன்னும் இரும்புக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கப்போவதும் இல்லை. நலம் விசாரிக்காமல் தொடங்கியதற்கு மன்னியுங்கள்; உங்கள் குரல்பதிவிலும் என் நலம் பற்றி ஒன்றும் இல்லை. "பிள்ளை, தாரிகா வாறதுக்கு முன்னம் அந்தக் காரை ஆருக்கும் பழைய இரும்புக்குக் குடுத்துவிடு, அவளின்ர கண்ணில அது படக்கூடாது." அவ்வளவுதான். அம்மா சுகம். உங்கள் முழங்கால் சுகமாக வேண்டுமென்று விரும்புகிறா. சம்பிரதாயம் முடிந்தது. கைபேசியில் எழுதினால் வாசிக்காமலே அழித்துவிடுவீர்கள் என்பதால் கடிதம்.

காரணம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு யூலையும் நீங்கள் லண்டன் மண்டபத்தில் பேசுவதை இங்கே பார்க்கிறோம். எண்பத்துமூன்று கலவரத்தில், கொட்டாஞ்சேனையில், உங்கள் கண்முன்னால் எங்கள் மொறிஸ் மைனர் கார் எரிந்தது. அதன் கூரை முதலில் நீலமாகி, பிறகு கறுத்தது. சபை அழுகிறது. முன்வரிசையில் உங்கள் மகள் தாரிகா அழுகிறாள். அப்பா உயிரோடு இருந்தவரை அந்த இடம் வரும்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பார். இப்போது தாரிகா கார் எரிந்த இடத்தில் பூ வைக்க வருகிறாள்.

அந்த யூலையில் கார் கொட்டாஞ்சேனையில் இருக்கவேயில்லை. தெஹிவளையில், மெக்கானிக் பௌஸியின் வாப்பாவுடைய கராஜில், நாலு சில்லும் கழற்றிய நிலையில் மரக்கட்டைகளின்மேல் நின்றது. பௌஸி அப்போது சின்னப் பிள்ளை. அதற்குள் ஏறியிருந்து விளையாடியிருக்கிறார். எரிந்தது பக்கத்து வீட்டுச் சரோஜினிதேவி டீச்சரின் கார். நீலமானது அந்தக் காரின் கூரை. அவர் இப்போது எங்கள் கட்டடத்தில்தான், மூன்றாம் மாடியில். எந்த மேடையிலும் பேசியதில்லை. யூலையில் யன்னலைச் சாத்திவைப்பார்.

நீங்கள் ஓடியது உண்மை. அகதி முகாமில், பள்ளிக்கூட மேசையின் கீழ்ப் படுத்தது உண்மை. அது போதாதா? காரையும் ஏன் எரித்தீர்கள்?

அப்பா போனபின் அதைப் பௌஸியின் கராஜுக்கே இழுத்துப்போனேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, ஈ கார்ல தகட விடக் கறள்தான் கூட ஈக்கிது. கறளச் சொரண்டினா காரும் முடிஞ்சி" என்றார். அவரிடம் இருந்த வேலையாட்கள் கட்டாருக்குப் போய்விட்டார்கள். "நீங்க படிச்ச புள்ளதானே, நீங்களே வெல்ட் பண்ணுங்க" என்றது பகிடிக்கு. எனக்குப் பகிடி விளங்குவது குறைவு.

முதல் நாள் கதவின் கீழே துருப்பிடித்து விழுந்த ஒரு பொத்தலை அடைக்கப் போய் இரண்டாக்கினேன், இரண்டையும் அடைக்கப் போய்த் திரும்ப ஒன்றாக்கினேன், ஆனா அந்த ஒண்டுக்குள்ள என்ர கை முழங்கை வரைக்கும் போச்சுது, மற்ற நாள் முகமூடியை இறக்க முதல் வெல்டிங் றொட்டைத் தட்டி அந்த வெளிச்சத்தைப் பாத்துப்போட்டன், இரவு கண்ணுக்குள்ள மணல் அள்ளிப் போட்ட மாதிரி, அம்மா வெள்ளரிக்காய் வெட்டி வச்சுக்கொண்டு "கலியாணத்துக்குப் பாக்க வாற ஆக்களுக்கு என்னத்தைச் சொல்ல, கண்ணோய் எண்டு சொல்லுறன், வெல்டிங் எண்டு சொன்னால் ஓடிவிடுவினம்" எண்டு அழுதா, அவை கண்ணோய் எண்டதுக்கே ஓடிவிட்டினம், அதுக்குப் பிறகு கை கொஞ்சம் நிதானமா வந்து இடது கதவின்ர விளிம்பை அழகா ஒட்டினன், எவ்வளவு அழகெண்டால் கதவு இனித் திறக்காது, பௌஸி உள்ளுக்குள்ள குந்தி தகட்டைப் பிடிச்சுக்கொண்டிருந்தவர், வலது கதவு முதலே பழுது, மனிசன் யன்னலால இறங்கி வந்து சாரத்தைத் தட்டிப்போட்டு, "இனி ஈ வண்டிய வித்தா என்னையும் சேத்துத்தான் விக்கணும், தங்கச்சி" எண்டார்.

இருந்தும் கற்றுக்கொண்டேன். இப்போது என் ஒட்டு பிடிக்கிறது. கதவும் திறக்கிறது.

சுரண்டவும் கற்றுக்கொண்டேன். கிறீம் நிறம். அதன் கீழே பச்சை. அதன் கீழே சாம்பல். அதன் கீழே தகடு. காரின் உடம்பு முழுவதும் சுரண்டிவிட்டேன், சித்தப்பா. ஒரு தீக்காயம் இல்லை. கூரை வெறுந் தகடாகக் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அது ஒன்றுதான் என்னிடமுள்ள சாட்சி. தாரிகா விமானம் ஏறமுதல் நீங்கள் அவளிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்தக் கூரையின் கீழ் அவளை உட்காரவைத்து, காலி வீதியால், கொள்ளுப்பிட்டி கடந்து, அவள் பூ வைக்கப்போகும் இடத்துக்கு நானே கொண்டுபோய் இறக்குவேன்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் முழங்காலும் உங்கள் ஞாபகமும் விரைவில் தேறட்டும்.

உங்கள் பெறாமகள்,
உஷாந்தி

பி.கு.: இதை உறையிலிட்டு ஒட்டினேன்; தபாலில் போட முதல் கராஜுக்குப் போனேன். காரின் பின்பக்கத் தரையில் ஒட்டவேண்டிய கடைசித் தகடு மட்டும் மிச்சம். "உள்ள ஈக்கிற துணியெல்லாம் கழட்டினா?" என்று பௌஸி கேட்டார். ஓம் என்றேன். சீற்றுகளைக் கழற்றியிருந்தேன். அவற்றின் கீழே கிடந்த பழைய கம்பளித் துணியை மறந்துவிட்டேன். பொறி அதில் விழுந்தது. அதிலிருந்து கூரையின் உட்துணிக்குப் போனது. பௌஸி மண் வாளியோடு ஓடிவந்தார். அணைந்தபின் இருவரும் வெளியே நின்று பார்த்தோம். எரியும்போது கூரை முதலில் நீலம், பிறகு கறுப்பு. நீங்கள் சொன்ன அதே ஒழுங்கு.

"உங்கட சித்தப்பாக்கு கருநாக்கு" என்றார் பௌஸி.

இனித் தாரிகாவுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் விரும்பினால் அவள் இந்தக் காரிலேயே பூ வைக்கலாம்.

கைகழுவாமல் பஸ் ஏறி வந்து மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினேன். என் சித்தப்பாவின் மகள் வந்தால் அந்தக் காரைப் பற்றிக் கதைப்பீங்களா என்று கேட்டேன். "ஆற்ர காரைப் பற்றி, பிள்ளை?" என்றார் டீச்சர். "உங்கட" என்றேன். உள்ளே கூப்பிட்டார். உறையைப் பிரித்து இந்தக் கடிதத்தை முதலிலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு அவருடைய மேசையில் வைத்தே இந்தப் பின்குறிப்பை எழுதி, உறையைத் திரும்ப ஒட்டினேன்.