'தொடாதே' அண்ணனின் ஸ்டூல்

உலகத்து அருங்காட்சியகங்களைத் திருடர்களிடமிருந்து பூட்டு காப்பாற்றுகிறது. திருப்பதியில் நான் வேலை பார்த்த சின்ன அருங்காட்சியகத்தைப் பார்வையாளர்களிடமிருந்து 'தொடாதே' அண்ணன் காப்பாற்றினார். அவருடைய நிஜப்பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் கூடத்துக் காவலர். காது உடைந்த கல் நந்தியிலிருந்து வாசற்கதவு வரை, எதன்மேல் கை போனாலும் தமிழில் 'தொடாதே', தெலுங்கில் 'முட்டுகோவத்து' என்று இரண்டு தடவை கத்துவார். ஒருநாள் கைக்குழந்தை ஒன்று நந்தியைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டது.

"யம்மா, கொயந்தைய இட்டுக்கினு அப்பால போ!"

குழந்தை நாலடி தள்ளித்தான் இருந்தது.

இப்பேர்ப்பட்டவரின் கூடத்தில்தான் எங்கள் மேலதிகாரி பள்ளி மாணவர்களுக்கு 'டிசைன் திங்கிங்' பயிலரங்கு வைத்தார். பெங்களூர்ப் பயிற்சியாளர் விளக்கினார்: ஒருவருடைய சிரமத்தைக் கவனி, அவரிடமே கேள், அட்டையில் ஒரு தீர்வு செய்து பார், உடைந்தால் மறுபடி செய். எங்கள் வீட்டுக் கட்டில் கால் ஆடினால் அம்மாவும் இதையேதான் செய்வாள். அவளுக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை. பயிலரங்கின் முதல் விதி, மேசையில் வைத்த நகல் சிலைகள், களிமண் என எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம் என்பது.

"இன்னா சார், கண்டதையும் தொடச் சொல்லிக்கினு கீறாரு?" என்று அண்ணன் என்மேல் பாய்ந்தார்.

"எல்லாம் நகல்தான் அண்ணே."

"இன்னிக்கி நகல தொடுவான், நாளைக்கி நந்திய தொடுவான்!"

மதியத்துக்குள் மூன்று மாணவர்களைக் களிமண்ணிடமிருந்து விரட்டிவிட்டார். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு புகார் வந்தா அவரை சைக்கிள் ஸ்டாண்டுக்கு மாத்திடுவேன்" என்றார். அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"ஸ்டாண்டுல இன்னா சார் கீது? சைக்கிள யார் வேணா தொடலாமே."

மறுநாள் நகரி ஊர்த் தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, தன் குழு கண்டுபிடித்த பிரச்சினையைப் பலகையில் ஒட்டினாள்: 'காவலர் மாமா.' அவசரமாக அவளிடம் போனேன்.

"ஏம்மா, அவரு கத்துறதையா எழுதியிருக்க?"

"இல்ல சார். நாள் பூரா நின்னுக்கினே கீறாரு. கேட்டோம், முட்டி வலிக்குதாம். நாற்காலில உக்காந்தா நந்தி தெரியாதாம், அதான் வேணான்றாரு."

அவருக்காக அட்டையில் ஒரு இருக்கை செய்தார்கள். மூன்று தடவை அது மடங்கியது. நாலாவது தடவை ஒரு உயரமான ஸ்டூல் நின்றது. அதில் உட்கார்ந்தாலும் நந்தி முழுசாகத் தெரியும். கடைசி நாள் பார்வையிட வந்த மேலதிகாரி ஆசையாக அதில் உட்காரப் போனார்.

"தொடாதே!"

மேலதிகாரி பாதி உட்கார்ந்தபடியே நின்றுவிட்டார். சைக்கிள் ஸ்டாண்ட் உறுதி என்று நினைத்துக்கொண்டேன்.

"உக்காரத்தானேய்யா செஞ்சிருக்காங்க?"

"உங்களுக்கு இல்ல சார். எனக்குன்னு செஞ்சிகீதுங்க." சொல்லும்போதே அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட மேலதிகாரியும் வேறு வழியில்லாமல் தட்டினார். அதற்குப் பிறகு மாற்றல் பேச்சை அவர் எடுக்கவில்லை. அதே அளவில் மரத்தில் ஒரு ஸ்டூல் வந்தது, அண்ணன் அதில் உட்கார்ந்தார். அட்டை ஸ்டூலை நந்திக்குப் பக்கத்தில் வைத்து, சுற்றிலும் கயிறு கட்டிவிட்டார்.

நான் இப்போது சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஆலை அலுவலகத்தில் இருக்கிறேன். இங்கே எதைத் தொட்டாலும் கேட்க ஆளில்லை. போன மாதம் மனசு கேட்காமல் திருப்பதி பஸ் ஏறிப் போய், அந்தக் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டினேன்.

இரண்டு மொழியிலும் கத்தினார். அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார்.