பன்னிரண்டடி அஸ்திவாரம்

உதவி செய்கிறவர்கள் உலகத்தில் ஏராளம். ஆதிகாலம் தொட்டு யாராவது யாருக்காவது எதையாவது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் எதையுமே கொடுக்காமல் உதவுவது என்ற உன்னதக் கலையைக் கண்டுபிடித்து, அதற்காக ஒரு ஏசி அலுவலகமும் ஒரு ஜீப்பும் நான்கு சுழல் நாற்காலிகளும் வாங்கிப்போட்ட பெருமை, நெய்வேலி வட்டாரத்தின் 'சுயகரம் அறக்கட்டளை'யையே சாரும். இதை மறுப்பவன் நன்றிகெட்டவன்.

அறக்கட்டளையின் 'தற்சார்பு இல்லப் பேரியக்கம்' மிக எளிமையானது. ஆறு ஏழைக் குடும்பங்கள் சேர்ந்து, ஒருவர் வீட்டை மற்றவர்கள் கட்டிக்கொடுக்க வேண்டும். மனை அவர்களுடையது. செங்கல்லும் சிமெண்டும் அரசாங்க வீட்டுத் திட்டத்தில் வருவது. உடம்பு ஆண்டவன் கொடுத்தது. பாக்கி இருப்பது தன்னம்பிக்கை ஒன்றுதான். அதை அறக்கட்டளை கொடுக்கும். அதையும் கையில் கொடுத்துவிடாது. "உங்களுக்குள்ளயே இருக்கு, தேடுங்க" என்று சொல்லிவிடும்.

அப்படித் தேடக் கிளம்பியவர்களில் ஒருத்தி திலகவதி. காலையில் சைக்கிள் மிதித்து டவுன்ஷிப்புக்குப் போய், இரண்டு குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்துச் சமைத்துவிட்டு வருகிறவள். புருஷன் தனகோட்டி நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலி. பதினோரு வருஷமாக 'அடுத்த வருஷம் பெர்மனென்ட்'. வடலூரில் ஜானகியம்மாளின் ஓட்டு வீட்டில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தார்கள். திருப்பூரில் இருக்கும் மகன் குடும்பத்தோடு வரப்போகிறான், வைகாசி முடிவதற்குள் காலி செய்துவிட வேண்டும் என்று ஜானகியம்மாள் தை மாதமே சொல்லிவிட்டாள். வைகாசியைத் தவறவிட்டால் ஆனி, ஆடி இரண்டு மாதமும் யாரும் புதுவீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆகவே திலகவதிக்கு வைகாசிக்குள் வீடு, இல்லாவிட்டால் நடுத்தெரு.

முதல் நாள் பயிற்சியை ஒருங்கிணைப்பாளர் ஜெயப்பிரகாஷ் நடத்தினார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மைக். கேட்பவர்கள் பன்னிரண்டு பேர். மூன்று முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. உங்க கனவு இல்லத்தைப் பாருங்க. தெரியுதா?"

நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருந்த தனகோட்டிக்குத் தெரிந்தது. குறட்டையோடு தெரிந்தது.

"ஆழ்ந்த மனக்காட்சி!" என்று ஜெயப்பிரகாஷ் பூரித்துப்போய் அவனைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

பிறகு குலுக்கல். யார் வீட்டை முதலில் கட்டுவது? சீட்டில் திலகவதியின் பெயர் வந்தது. அவள் கையெடுத்துக் கும்பிட்டு, நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

"சார், அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் எத்தினி அடி தோண்டணும்?"

ஜெயப்பிரகாஷ் கனிவாகச் சிரித்தார். "அதை நான் சொன்னா உதவியாயிடும்மா. நீங்களா கண்டுபிடிக்கணும். அதான் தற்சார்பு."

கேட்டவர்கள் மெய்சிலிர்த்தார்கள். ஆழம் பார்க்கிற பொறுப்பு ஆண்களுக்கு, மண் சுமக்கிற பெருமை பெண்களுக்கு என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பெண்களை யாரும் கேட்கவில்லை. ஆகவே எதிர்ப்பும் இல்லை.

வேலை தொடங்கிய மறுநாளே பண்ருட்டியில் தங்கைக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது என்று திலகவதிக்குப் போன் வந்தது. பத்து நாள் போய் இருக்கவேண்டி வந்தது. "நம்ம வூட்டு வேலை, பார்த்துக்கய்யா" என்று புருஷனிடம் நூறு தடவை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

அவனும் பார்த்துக்கொண்டான். ஆறு குடும்பத்து ஆண்களும் சுரங்கத்துக் காண்ட்ராக்ட் கூலிகள். ஒருவனுக்கு ஒரு ஷிப்ட் என்றால் இன்னொருவனுக்கு வேறு ஷிப்ட். முதல் ஷிப்ட் போகிறவர்கள் சாயங்காலம் தோண்டினார்கள். இரண்டாவது ஷிப்ட்காரர்கள் காலையில் தோண்டினார்கள். நைட் ஷிப்ட்காரர்கள் தூங்கி எழுந்து மத்தியானம் தோண்டினார்கள். ஒருவரை ஒருவர் பார்ப்பதே கிடையாது. அதனால் என்ன? சுரங்கத்தில் மட்டும் பார்த்துக்கொள்கிறார்களா? அங்கே இருப்பது போலவே இங்கேயும் ஒரு நோட்டுப் போட்டார்கள். தன்னம்பிக்கை எழுதுவதற்காக அறக்கட்டளை கொடுத்த வெற்று நோட்டு அது.

அவர்களில் ஒருவனான கொளஞ்சிநாதன் முதல் நாள் எழுதினான்: "மூன்று அடி தோண்டப்பட்டது. பணி தொடரவும்."

அடுத்த கோஷ்டி அதைப் படித்தது. தொடரவும் என்று எழுதியிருந்தால் தொடர்வதுதானே ஒழுங்கு? தொடர்ந்தார்கள். தொடர்ந்துவிட்டு, "தொடரவும்" என்று எழுதினார்கள். சுரங்கத்தில் நிறுத்து என்று சொல்ல மேலே ஆள் இருப்பார். இங்கே மேலே இருந்தது ஆகாயம். அது எதுவும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் காலை திலகவதி வந்து இறங்கினாள். மனையை நெருங்கும்போதே ஒரு சிவப்புக் கொடி தெரிந்தது. பக்கத்தில் 'அபாயம்' என்று அட்டை. கொளஞ்சிநாதன் ஓடிவந்து வழிமறித்தான்.

"ஹெல்மெட் இல்லாம உள்ள வராதீங்க அண்ணி."

"எங்க வூட்டுக்குள்ள வர்றதுக்கு எனக்கு எதுக்குடா ஹெல்மெட்டு?" என்று அவனைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தாள். வீட்டைக் காணோம். மனையையும் காணோம். மனை இருந்த இடத்தில் முழு அகலத்துக்கும் ஒரு பள்ளம். படிப்படியாக வெட்டி, ஓரத்தில் சரிவு வைத்து, பன்னிரண்டடி ஆழம். அடியில் செம்மண் பூசிய தனகோட்டி நின்று கையை ஆட்டினான்.

"யோவ்! என்னாய்யா இது?"

"நம்ம வூடு!"

"இதுல வூடு எங்கய்யா?"

"இன்னும் ஆரம்பிக்கல. தோண்டிகினு இருக்கறோம்."

"எப்பய்யா நிறுத்துவீங்க?"

தனகோட்டி கொளஞ்சிநாதனைப் பார்த்தான். கொளஞ்சிநாதன் நோட்டைப் பார்த்தான்.

"யாரும் நிறுத்தச் சொல்லலியே அண்ணி" என்றான். பிறகு ஆறுதலாக, "இன்னும் கொஞ்சம் போனா கரி வந்துடும்" என்றும் சொன்னான்.

திலகவதி அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். "அட பாவிங்களா! கூரை கேட்டா குழி வெட்டி வெச்சிருக்கீங்களேடா! என் குடும்பத்த உயிரோட இதுல எறக்கவா?" என்று வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே ஒரு மண்ணாங்கட்டியை எடுத்துப் புருஷன் மேல் வீசினாள். குறி தப்பவில்லை. ஆனால் அவன் ஹெல்மெட் போட்டிருந்தான்.

செய்தி கேட்டு ஜெயப்பிரகாஷ் ஜீப்பில் பறந்து வந்தார். பள்ளத்தை நான்கு பக்கமும் சுற்றிவந்தார். அவர் முகத்தில் இருந்தது அதிர்ச்சி அல்ல, பரவசம்.

"நாலடி எதிர்பார்த்தோம். பன்னிரண்டடி! இலக்கைப் போல மூணு மடங்கு!" என்றார். "இப்ப உங்களுக்கு என்ன தோணுதும்மா?"

"அழுகையா வருது சார்."

"உணர்ச்சிப் பெருக்கு" என்று எழுதிக்கொண்டார்.

"இத எப்படி மூடறது சார்?"

"அதைத்தான் நான் சொல்லக் கூடாது."

"நாலடிதான் எதிர்பார்த்தோம்னு இப்ப சொன்னீங்களே சார், அத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"நல்ல கேள்வி. கேள்வி கேக்கத் தொடங்கிட்டீங்க பாருங்க, அதுதான் இயக்கத்தோட வெற்றி" என்று சொல்லி, பள்ளத்தின் ஓரமாக அவளை நிற்கவைத்து, கொஞ்சம் சிரிக்கச் சொல்லி, மூன்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அந்த மாதத்து அறிக்கையில் அது 'வேரூன்றிய வளர்ச்சி' என்ற தலைப்பில் வெளிவந்தது. இதைவிடப் பொருத்தமான தலைப்பை எவராலும் வைத்திருக்க முடியாது.

தற்சார்பு தெரியாத மனிதர் ஒருவர் மட்டும் குறுக்கே புகுந்து கெடுத்தார். வடலூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நைனா முகமது. சிமெண்ட் விசாரிக்கப் போன திலகவதி கடை வாசலிலேயே உடைந்துபோய் அழுதுவிட்டாள். அவர் எந்தப் பயிற்சியும் நடத்தாமல், கண்ணை மூடச் சொல்லாமல், சும்மா பதில் சொல்லிவிட்டார்.

"அழாதம்மா. அரையடி அரையடியா மண்ணப் போடு, தண்ணி ஊத்து, திமிசுக் கட்டையால நல்லா இடி. மறுபடி அரையடி. ஒரு மாசம் ஆவும், ஆனா பாறை மாதிரி நிக்கும். அப்புறம் நாலடி மட்டும் தோண்டு. என்னா, நாலடி!"

"நாலடி போதுமா பாய்?"

"இதுக்கு மேல தோண்டறதா இருந்தா, எங்கிட்ட சிமெண்ட் வாங்காத, பேசாம சுரங்கத்துல டெண்டர் போடு."

அன்று முதல் நோட்டு திலகவதியின் இடுப்புக்கு வந்தது. காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று கோஷ்டிக்கும் அவளே போய் நின்றாள். டவுன்ஷிப்பில் ஒரு வீட்டு வேலையை விட்டாள். ஒவ்வொரு கோஷ்டியும் கிளம்பும்போது நோட்டில் ஒரே வார்த்தை எழுதினாள்: "நிறுத்தவும்." ஆண்களுக்கு அது புது அனுபவம். ஒரு வேலை முடியும் என்பதே கொளஞ்சிநாதனுக்கு அப்போதுதான் தெரியவந்ததாம்.

மாசி முழுக்க இடித்தார்கள். பள்ளம் மூடியது, ஆனால் மண் தீரவில்லை. தோண்டிய மண் திரும்ப அதே குழியில் அடங்காது என்பது நாடறிந்த விஷயம். மிஞ்சினால் அந்த மனைக்கு யோகம் என்பார்கள். திலகவதிக்கு யோகம் ஒரு மலை அளவுக்கு மிஞ்சிக் கிடந்தது. அதைக் கொட்டப் பக்கத்தில் இருந்த மற்ற ஐந்து குடும்பத்து மனைகளைக் கேட்டாள். "எங்க மனையில கொட்டாத" என்றார்கள் ஐந்து பேரும். ஒருவருக்கொருவர் உதவுகிற இயக்கத்தில் இதுவும் ஒரு பாடம். வேறு வழியில்லாமல் அவள் மனையிலேயே பரப்பி இடித்தார்கள். மனை ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. அதன்மேல்தான் நாலடி தோண்டினார்கள். அளவுக் குச்சி திலகவதியின் கையில் இருந்தது.

பங்குனி வெயிலில் சுவர் வந்தது. சித்திரை கடைசியில் தளம் போட்டார்கள். கான்கிரீட் சட்டி கைமாறி மேலே போகும்போது தனகோட்டி, "திலகா, வந்துடுச்சுடி நம்ம வூடு" என்றான். அவள் அவன் கையைப் பார்த்தாள். திமிசு பிடித்துக் காய்த்திருந்தது. மண்ணாங்கட்டி எறிந்ததற்கு அப்போதுதான் மனதுக்குள் வருத்தப்பட்டாள்.

வைகாசி இருபத்தைந்தில் பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். விஷயம் தெரிந்து ஜெயப்பிரகாஷ் அதே நாளில் 'திறப்பு விழா' வைத்துவிட்டார். சென்னையிலிருந்து அறக்கட்டளைத் தலைவரே வருகிறார். முதல் நாளே ஜீப்பில் ஒரு கல் வந்து இறங்கியது. மூன்றடிக்கு இரண்டடி கருங்கல். வீடு முழுக்கத் தேடினாலும் அவ்வளவு உயர்ந்த கல் கிடையாது. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், ஒருங்கிணைப்பாளர், மைக் செட் உபயதாரர் எல்லாரும் அதில் தங்க எழுத்தில் இருந்தார்கள். தலைவரின் பெயரை மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டியிருந்தார்கள்.

திலகவதி மேலிருந்து கீழ்வரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"எங்க பேரு எங்க சார்?"

"கடைசி வரி பாருங்கம்மா. 'மற்றும் பயனாளிகள்'. அது நீங்கதான்."

"ஆறு குடும்பமுமா?"

"இடம் பத்தலைம்மா."

"சரி சார். இத யாரு பதிக்கறது?"

"நீங்கதான். தற்சார்பு."

"எங்க பதிக்கறது?"

"அது முழுக்க உங்க விருப்பம்" என்றார் ஜெயப்பிரகாஷ். "நான் சொன்னா உதவியாயிடும்."

அன்று சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. விடிகிறவரை அடித்தது. காலையில் வீடு ஆள் உயர மேட்டின் மேல் அசையாமல் நின்றது. ஏறிப் போகும் சரிவு மட்டும் எண்ணெய் தடவினாற்போல் ஆகிவிட்டது. படி கட்ட இன்னும் நேரம் வாய்க்கவில்லை. குடும்பங்கள் வெறுங்காலில் விரலை ஊன்றி ஏறிவிட்டன. உள்ளே பால் பொங்கியது. குலவைச் சத்தம் கேட்டது. திலகவதி அடுப்பின் முன்னால் நின்று நிம்மதியாக ஒரு மூச்சு அழுதாள்.

வெளியே கார் வந்து நின்றது. தலைவர் வெள்ளை வேட்டியும் பளபளக்கும் செருப்புமாக இறங்கினார். முதல் அடி வைத்தார், வழுக்கியது. இரண்டாவது அடியில் முழங்காலே மண்ணில் பதிந்தது. ஜெயப்பிரகாஷ் பின்னாலிருந்து தாங்கப் போய், இரண்டு பேரும் சேர்ந்து சரிந்து காரின் பம்பரில் மோதி நின்றார்கள்.

"யாராவது கொஞ்சம் உதவி பண்ணுங்கப்பா!" என்று தலைவர் கத்தினார். இயக்கத்தின் வரலாற்றில் அந்தச் சொல் அப்படி உரக்க ஒலித்தது அதுவே முதல் தடவை.

திலகவதி எட்டிப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தனகோட்டியைக் கூப்பிட்டாள். இருவரும் கருங்கல்லைத் தூக்கிவந்து சரிவின் நடுவில் போட்டு, கடப்பாரையால் நெம்பி, மண் அணைத்து, எழுத்து மேலே தெரியும்படி பதித்தார்கள்.

ஜெயப்பிரகாஷ் அலறினார். "அம்மா! அது கல்வெட்டும்மா! அதைப் போய் காலடியில போடலாமா?"

"நீங்க குடுத்தது இது ஒண்ணுதான் சார். அத வூட்டுக்கு உபயோகப்படுத்த வேணாமா?"

தலைவர் சேறு வழிகிற ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறி நின்றார். திலகவதி மிகுந்த மரியாதையோடு குனிந்து விரலால் காட்டினாள்.

"உங்க பேரு மேலயே வைங்க சார். அங்கதான் ஆழமா வெட்டியிருக்காங்க, வழுக்காது."