மூளை பார்க்க வந்த துரை

"எது எதோட சேருமோ சேர்த்து வையி. அவ்வளவுதான்லா," என்றார் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கணேசமூர்த்திக் கிராணி.

மேசைமேல் அரிசிக் கோப்பை, துணிப்பை, கத்தி, புட்டி, ஒரு கொத்துக் காட்டுத்தழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் மருதமுத்து சட்டென்று அரிசியைப் பையிடம் கொண்டுபோனான். பாதி வழியில் கை நின்றது.

மலாயாவில் அவசரகாலம். முள்வேலி கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசி போனாலும், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போட்டதாகப் போலீஸ்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். பக்கத்து லயத்து அப்புசாமி போனவன், இன்னும் வரவில்லை.

"கை தவறிடுச்சுங்க!" பையைத் தள்ளிவிட்டான்.

எதிரே இருந்த வெள்ளைக்காரத் துரை எழுதத் தொடங்கினார்.

சனங்களின் பழக்கவழக்கத்தையும் மூளை ஓடும் விதத்தையும் சேர்த்து ஆராய வந்தவர் என்று கிராணி சொல்லியிருந்தார். மருதமுத்துவுக்குப் புரிந்தது ஒன்றுதான்: மண்டைக்குள் எட்டிப் பார்க்கிற போலீஸ்! பயத்திலும் வாய் பிளந்து பார்த்தான்.

தள்ளிய பை கத்தியருகே போய் நின்றது. 'ஐயோ, ஆயுதம் கடத்துறேனா?' கத்தியைத் தழையிடம் நகர்த்தினான். 'காட்டுக்குப் பாதை வெட்டுறேன்னு சொல்லுவானே!' தழைக்குப் பக்கத்தில் புட்டியை வைத்தான். 'மருந்து கொண்டுபோறேனா?'

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் துரையின் பேனா வேகமெடுத்தது.

கடைசியில் நாலு மூலைக்கு நாலு பொருள். மிச்சமிருந்த பையை வராந்தாவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கைகட்டி நின்றான்.

துரை மெல்ல எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"டேய், உன் மூளையப் பார்த்து துரை மலைச்சுப் போயிட்டாருடா!" என்று கிராணி கிசுகிசுத்தார்.

புருஷனுக்கு மூளை இருக்கும் செய்தியே வாசலில் நின்ற மீனம்மாவுக்குப் புதிது. துரையின் கார் டிரைவர் ஹனிபாவிடம் ஓடினாள். "பாய், இவர பிடிச்சிட்டுப் போயிருவாங்களா?"

"அட, பயப்படாதக்கா! குருபோங் ஊர்ச் சீனரும் சரி, மஸ்ஜித் தானா ஊர் மலாய்க்காரரும் சரி, எல்லாரும் இப்படியேதான் வச்சாங்க. பாஷை வேறயானாலும் மனுச மூளை ஒண்ணுதான்னு துரைக்கு ஆனந்தக் கண்ணீரு."

"ஒருத்தர்கூடவா மாத்தி வைக்கல?"

"ஒரே ஒருத்தர். வீட்டுல துரையோட சம்சாரம், துரைசானி மட்டும் அரிசியைப் பைக்குள்ள போட்டுட்டாங்க. பாவம், மூளையில என்ன கோளாறோன்னு நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறோம்."