விண்வெளியில் வாடைக்காற்று

ஜப்பான் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் ஜப்பான் படத்தைத் தமிழில், அதுவும் நேரலையில், ஆண் குரல், பெண் குரல், எஞ்சின் சத்தம் எல்லாவற்றையும் ஒரே தொண்டையால் பேசிக் காட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்தில், எங்கள் ஊரில், கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் அவருக்கு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். ஆனால் கணக்கெடுப்புக்கு வருகிறவர்களே "சிக்னல் வீடு எதுங்க?" என்றுதான் கேட்பார்கள்.

மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்னால், சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறைதான் சிக்னல் மாமாவின் நிலையம். கூரைமேல் ஒரு டிஷ். உள்ளே ஒரு டிவிடி பிளேயர், கோயில் திருவிழாவில் பேசிப் பேசித் தேய்ந்த ஒரு மைக், வேறு யாரும் உட்காரக்கூடாத ஒரு நாற்காலி. அங்கிருந்து சவுக்குக் கம்புகளின் மேலேறி, தண்ணீரைத் தாண்டி, பக்கத்துக் குப்பங்களுக்கெல்லாம் ஒயர் போகும். அந்த ஒயரில் நீர்க்காகங்கள் வரிசையாக உட்கார்ந்து இறக்கை காயவைக்கும். உடனே திரையில் கதாநாயகியின் மூக்கு கோணும். "இன்னா மாமா படம் ஆடுது?" என்று போய்க் கேட்டால், "காக்கா உக்காந்துகினு இருக்கு. எழுந்து போனா சிக்னல் வரும்" என்பார். காகம் எழுந்துபோகாவிட்டால் ஒற்றைச் செருப்போடு ஏரிக்கரைக்கு ஓடுவார். ஒற்றைச் செருப்போடு ஏன் என்றால், இன்னொன்று ஏற்கெனவே தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் டிஷ் திரும்பிக்கொண்டது. ஏழு மணி சீரியல் வரவில்லை. பெண்கள் எல்லோரும் நிலையத்தின் வாசலில் கூடிவிட்டார்கள். உயிர் பிழைக்க சிக்னல் மாமா கைக்கு அகப்பட்ட டிவிடியைப் போட்டார். சென்னையில் பழைய பிளேயர் வாங்கியபோது அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்து, உறையில்லாத இன்னும் சிலவற்றோடு சேர்ந்து வந்த டிவிடி அது.

பொம்மைப் படம். ஜப்பான் பேச்சு. அடியில் ஆங்கில எழுத்து. நிலாவில் ஒரு தூசி பறக்கும் ஊர், தகரக் கொட்டகைகள், இடுப்பில் துப்பாக்கியும் தலையில் அகலத் தொப்பியுமாக ஆட்கள். குதிரைக்குப் பதில் ஒற்றை ஆள் ஓட்டும் குட்டிக் கப்பல்கள். "குழந்தைங்க பாக்குறதை எங்களுக்குப் போட்றியே, உனக்கு அறிவு இருக்குதா?" என்று வாசலில் குரல் எழும்பியது. அப்போதுதான் அவர் மைக்கை எடுத்தார்.

"இவன் பேரு ஏழுமல. வானத்துல தொழில் பண்றவன். அந்தப் பொண்ணு கஸ்தூரி, அவன் கூடப் பொறந்த தங்கச்சி. மூணு நாளா இவங்களுக்குப் பாடு இல்ல, வலையில ஒண்ணும் விழல. எஞ்சின் வேற மக்கர் பண்ணுது."

எஞ்சின் மக்கர் என்றதும் எங்கள் தீவே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் டிஷ்ஷைச் சரிசெய்து சீரியலைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு கூட்டம் போய், "அது கெடக்கட்டும், ஏழுமல இன்னா ஆனான்?" என்று சண்டை பிடித்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி ஏழுமலைக்கு.

"ஜப்பான் பாஷை எங்க மாமா கத்துகினே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஹார்பர்ல ஜப்பான் கப்பலுக்குப் பெயிண்டு அடிச்சேன், மூணு மாசம்."

"பெயிண்டு அடிச்சா பாஷை வந்துடுமா?"

"சும்மாவா அடிச்சேன்? கேட்டுகினே அடிச்சேன்."

இங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சந்து கிடைத்த இடத்திலெல்லாம் சொல்வேன், இங்கேயும் சொல்லிவிட்டேன். அப்போது ஐந்தாம் வகுப்பு. திரைக்கு அடியில் ஓடும் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, "பிரதர்னு எங்கேயும் எழுதல மாமா. அவன் அவளுக்கு அண்ணன் இல்ல" என்று நிலையத்திலேயே போய்ச் சொன்னேன்.

சிக்னல் மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுத்த ஞாயிறு முதல் திரையின் அடியில் ஒரு மஞ்சள் பட்டை ஓட ஆரம்பித்தது. ஐஸ் கிடைக்கும் இடம், வலை கிடைக்கும் இடம், யார் வீட்டிலோ காதுகுத்து, யாருக்கோ பிறந்தநாள். ஆங்கிலம் முழுவதும் அதற்கு அடியில் போய்விட்டது. ஏழுமலையும் கஸ்தூரியும் கொஞ்சம் நெருங்கி நின்றாலே பிறந்தநாள் வாழ்த்து எழும்பித் திரை முழுவதும் நிறையும். ஒரு மொத்த ஊடகமே என் ஒருத்திக்குப் பயந்து நடவடிக்கை எடுத்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

நான் விடவில்லை. அவர் கதையில் விண்வெளியில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். வடக்கேயிருந்து வாடை அடித்தால் கப்பல் ஆடும். மேற்கேயிருந்து கச்சான் அடித்தால் துப்பாக்கிக் குண்டு வழி மாறிப் போகும். அறிவியல் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு போனேன். "விண்வெளியில காத்தே கெடையாது மாமா. இதோ போட்டிருக்கு."

அவர் புத்தகத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, நிதானமாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "காத்தே இல்லாத எடத்துல ஒருத்தன் எதுக்குத் தொழிலுக்குப் போறான்? போய்ப் படி."

கதையின் வில்லனுக்கு மட்டும் நிரந்தரப் பெயர் கிடையாது. அந்த வாரம் யாருடைய மீன்பிடி போட்டு ஒயரை அறுத்ததோ அவர்தான் வில்லன். அவருடைய மூக்கையும் நடையையும் குடும்பக் குணத்தையும் மாமா மைக்கில் விளக்குவார். திங்கட்கிழமை காலையில் அந்த மனிதர் ஒயருக்குப் போடும் டேப் சுருளோடு நிலைய வாசலில் நிற்பார். "அண்ணே, ஊர்ல தல காட்ட முடியல. அடுத்த வாரம் என்னைச் சுட்டுக் கொன்னுடு. முடிச்சிக்கலாம்."

என் நைனா அப்படி வந்து நிற்கவில்லை. அவருடைய எஞ்சின் விசிறியில் ஒயர் சிக்கி மூன்று குப்பங்களில் டிவி இருண்டது. "ஏரி இன்னா அவன் வீட்டு அலமாரியா, ஒயர் போட்டு வைக்க?" என்று ஏலக் கொட்டகையில் சத்தம் போட்டார். அதனால் நைனாவின் பெயரிலேயே "கன்னியப்பன்" என்ற வில்லன் ஐந்து வாரம் சாகாமல் இருந்தான். ஏழுமலை அவனை ஒவ்வொரு கிரகமாகத் துரத்தினான். நைனா டிவி பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். ஆனால் ஒரு சொல் விடாமல் கேட்பார். "பாரு, நான் மூணு பேரு சோத்தைத் திங்கறேனாம்!" என்று அம்மாவிடம் முறையிடுவார். அம்மா இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

கடைசி டிவிடி என்று அறிவித்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் நைனா கடலுக்குப் போனார். மதியத்துக்குள் திரும்ப வேண்டியவர். காலை பத்து மணிக்கு வாடை பிடித்துக்கொண்டது. முகத்துவாரத்தில் அலை எழும்புகிறது என்று சொல்லிக்கொண்டே மற்ற போட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. நைனாவின் போட்டு வரவில்லை. மாலையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். ஏழு மணிக்கு யாரோ டிவியைப் போட்டார்கள்.

மாமா எந்தப் பாகத்தையும் முன்கூட்டிப் பார்க்கமாட்டார். பார்த்தால் ருசி போய்விடுமாம். எங்களோடு சேர்ந்து அவரும் அப்போதுதான் பார்த்தார். ஏழுமலை தொப்பியை எடுத்து மாட்டினான். கஸ்தூரி வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் தனியாகக் குட்டிக் கப்பலில் ஏறி இருட்டுக்குள் போனான். கப்பல் சிறிதாகிச் சிறிதாகி ஒரு புள்ளியானது. எங்கள் வீட்டில் ஒருத்தி டிவியை நிறுத்த எழுந்தாள். மைக்கில் சத்தமே இல்லை. சிக்னல் மாமா முதல்முறையாக வார்த்தையில்லாமல் இருந்தார்.

காற்றில் ஒயர் ஆடியதில் திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகளாகப் பொரிந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"போறவன் யாருன்னு தெரியுதா? ஏழுமல இல்ல. இத்தினி நாளா நான்தான் தப்பா சொல்லிட்டேன். அது நம்ம கன்னியப்பன்."

அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"எஞ்சின் நின்னுபோச்சு. நின்னா இன்னா? கன்னியப்பன் இன்னா நேத்து தொழிலுக்கு வந்தவனா? நங்கூரத்தைப் போட்டுட்டு உக்காந்துகினு இருக்கான். மூணு பேரு சோறு கொண்டாந்திருக்கான், பசியும் இல்ல. வாடை அடிக்குது. அடிக்கட்டும். அடிச்சி அடிச்சி அதுக்கே கை வலிக்கும். இதோ காத்து மாறுது... மாறிடுச்சு. கரையில சிவப்பு லைட்டு தெரியுது பாருங்க. அவனுக்கும் தெரியுது. தங்கச்சி போட்டு கட்டுற பாலத்து மேல நிக்குது. வந்துகினு இருக்கான். கன்னியப்பன் வந்துகினே இருக்கான்."

நாங்கள் பார்த்தோம். கப்பல் வந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, பாலத்தின் மேல் கஸ்தூரி நின்றாள். அன்று மட்டும் விண்வெளியில் காற்று கிடையாது என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை டிவியில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பாட்டு அறுந்து ஒரு அலறல் கேட்டது. "வந்துட்டான்! வந்துட்டான்! போட்டைக் கட்டி இழுத்துகினு வராங்க!" கூரைமேல் ஏறி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா, மைக்கையும் கையோடு மேலே கொண்டுபோயிருக்கிறார்.

எஞ்சின் கெட்டு இரவெல்லாம் நங்கூரத்தில் கிடந்த நைனா, கரையேறியதும் ஊர் சொன்னதைக் கேட்டார். "யாரைக் கேட்டு என் பேரைப் போட்டான்?" என்றார். குளித்துச் சாப்பிட்டார். பிறகு நான்கு பெரிய சவுக்குக் கம்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு போய், மாமாவின் ஒயரைத் தன் கையாலேயே உயர்த்திக் கட்டிவிட்டு வந்தார்.

இது நடந்து பதினாறு வருடம் ஆகிறது. நான் படித்து, பட்டம் வாங்கி, மீஞ்சூரில் அறை எடுத்து, தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறேன். போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் என் அறைத்தோழி கீதா, "பழைய அனிமே ஒண்ணு, கிளாசிக்" என்று லேப்டாப்பைத் திறந்தாள். தூசி பறக்கும் நிலா. தகரக் கொட்டகை. நான் கட்டிலிலிருந்து குதித்து, "ஏழுமல!" என்று கத்தினேன்.

நான்கு வாரம் உட்கார்ந்து முழுவதும் பார்த்தோம். அப்படி ஒரு அழகான படம் அது என்று எனக்குத் தெரியவே தெரியாது. எங்கள் ஏழுமலை வாய் மூடாமல் பேசுவான். இவன் ஒரு பாகத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். யாரும் பேசாத இடங்களில் ஒரு ஒற்றை எக்காளம் ஒலித்தது. சிக்னல் மாமா எஞ்சின் சத்தம் போட்டு நிரப்பிய இடங்கள் அவை. ஆறாம் பாகத்தில் அண்ணனும் தங்கையும் முத்தமிட்டுக்கொண்டார்கள். நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரம்மா கதவைத் தட்டினார். பதினாறு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் யாருக்கோ பிறந்தநாள்.

கடைசிப் பாகம். அவன் தொப்பியை மாட்டினான், போனான், புள்ளியானான். "இப்பத்தான் முக்கியமான சீன். திரும்பி வருவான் பாரு" என்று கீதாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். திரை கறுத்தது. வெள்ளையாக, பெயர்கள் மேலே ஏறிப் போயின. படம் முடிந்துவிட்டது.

மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். கப்பல் இல்லை. பாலம் இல்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஏன் இல்லாம? செவப்பு லைட்டு எரிஞ்சிதே. என் கண்ணால பார்த்தனே" என்றாள்.

கேபிள் தொழில் போன பிறகு சிக்னல் மாமா திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டுகிறார். அவரையும் போனில் பிடித்தேன்.

"மாமா, அந்த ஜப்பான் படத்தைப் பார்த்தேன். கடைசியில அவன் திரும்பி வரவே இல்ல."

"எதுல பாத்த?"

"கம்ப்யூட்டர்ல."

"அதான். அதுல வெட்டியிருப்பானுங்க."

"மாமா, உண்மையைச் சொல்லு. நீயாத்தானே சொன்ன?"

"நான் எதுக்குச் சொல்றேன்? எனக்கு ஜப்பான் தெரியும், உனக்குத் தெரியாது. பெரிய படிப்பு படிச்சா எல்லாம் ஆயிடுச்சா? சரி, உங்க நைனா வந்தாரா, இல்லியா?"

"வந்தாரு."

"அப்புறம் இன்னா?" என்று போனை வைத்துவிட்டார்.

கீதாவிடம் லேப்டாப்பை வாங்கி, சத்தத்தை முழுவதும் குறைத்து, பெயர்கள் ஓடும் இடத்தை மறுபடி போட்டேன். "இதுல என்னடி பார்க்க இருக்கு, வெறும் எழுத்து" என்றாள்.

"கொஞ்சம் பொறு, காத்து மாறட்டும்" என்றேன்.