எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தவர்

புதுச்சேரிக்குக் கிழக்கே கடல் இருக்கிறது என்று சொன்னால்கூட, போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் நம்பக்கூடிய ஒரே மனிதரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதாவது இருந்திருக்கும். தட்டாஞ்சாவடி பட்டறையில் எங்களுக்கு அவர் ‘சந்தேகம்’. கூப்பிட்டால் திரும்புவார், எதற்குக் கூப்பிடுகிறாய் என்று ஒரு பார்வையும் பார்ப்பார்.

எழுபதுகளின் கடைசி. கேட் கீல், தாழ்ப்பாள் எல்லாம் செய்யும் சின்னப் பட்டறை அது. நான் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சந்தேகத்துக்குச் சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போயிருந்தது. முத்தியால்பேட்டையிலிருந்து வலது காலால் மட்டும் மிதித்து சைக்கிளில் வருவார். உபயோகமில்லாத இடது பெடலைக் கழற்றி எறிந்துவிட்டார். அந்த வண்டிக்கு முன்னால் ஒரு பூட்டு, பின்னால் ஒரு பூட்டு.

“ஒத்தப் பெடல் வண்டிய எவண்ணே எடுக்கப்போறான்?” என்று கேட்டேன்.

“ஊருக்குள்ள என்ன மாதிரி இன்னொருத்தன் இருப்பான்ல,” என்றார்.

டீ வந்தால் தன் கிளாஸை என்னிடம் தள்ளிவிட்டு என்னுடையதை எடுத்துக்கொள்வார். வாட்ச்மேன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சில் சிப்பாய்க்கு ‘சொல்தா’ என்று பெயராம்; எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். சந்தேகம் அதையும் விடவில்லை.

“அவ்ளோ தூரத்துலேர்ந்து ஒருத்தன் சும்மாவா அனுப்புவான்? என்னிக்காவது சண்டைக்குக் கூப்புடப்போறான், பாத்துக்க.”

பாவம் சொல்தா, தபால்காரரைக் கண்டாலே வெலவெலத்துப் போக ஆரம்பித்தார்.

இவ்வளவுக்கும் அந்தப் பட்டறையில் சந்தேகத்துக்கு என்ன வேலை தெரியுமா? ஒரு வேலையும் கிடையாது. எங்கள் முதலாளி இரக்க மனசுக்காரர். “பாவம், கால் இல்லாதவன்” என்று சேர்த்துக்கொண்டு, கேட் பக்கம் காற்றாடிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். கொடுத்து வைத்த மகராசன் என்று நாங்கள் வயிறெரிந்தோம். அவரோ, காற்றாடி தனக்கு மட்டும் ஏன் சுற்றுகிறது என்று நாற்காலியை வெயிலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இதுக்கு முந்தி இருந்த எடத்துலயும் பாவம்னுதான் சேத்தாங்க. ஆர்டர் கொறைஞ்சதும் பாவம்னு சொல்லியே அனுப்பிட்டாங்க. சும்மா உக்காந்திருக்கவன்தான மொதல்ல கண்ணுல படுவான்? எனக்கு ஒரு மெஷின் வேணும் தம்பி. மெஷின் இருந்தாத்தான் வேல நெலைக்கும்,” என்றார் என்னிடம்.

முதலாளியிடம் கேட்டார். “அடுத்த ஆயுத பூஜைக்குப் பாக்கலாம்யா,” என்றார் முதலாளி. ‘பாக்கலாம்’ என்ற சொல்லை சந்தேகம் நம்புவாரா?

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜையன்று எந்த மெஷினுக்கு எவன் பொட்டு வைக்கிறானோ, அடுத்த பூஜை வரைக்கும் அது அவனுடையது. அவனைக் கேட்காமல் மேஸ்திரிகூடத் தொடமாட்டார்.

அந்த வருஷம் பூஜையன்று காலையில் குளித்து, வேட்டி கட்டி, பெண்டாட்டி பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தோம். உள்ளே போனால் லேத்துக்குப் பொட்டு, பிரஸ்ஸுக்குப் பொட்டு, கிரைண்டருக்குப் பொட்டு. பாக்கி ஒன்று இல்லை. முழங்கை வரைக்கும் சந்தனத்தோடு சந்தேகம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூ வைக்க வந்தேன் என்று சொல்தாவிடம் சொல்லி, முன்கூட்டியே உள்ளே நுழைந்திருக்கிறார்.

மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. “இன்னாய்யா இது? எல்லாத்துக்கும் எதுக்கு வச்ச?”

“ஒண்ணுக்கு வச்சா அழிச்சிடுவீங்க. நல்ல நாளும் அதுவுமா அத்தினி பொட்டையும் அழிக்க எவனுக்குத் துணிச்சல் இருக்கு?”

ஒருவனுக்கும் இல்லை. மறுநாள் விஜயதசமி, மெஷின் ஓட்டியாக வேண்டும். அத்தனையும் சந்தேகத்தின் கையில். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் லேத்தை நான் தொட அவரிடம் அனுமதி கேட்கவேண்டுமாம். முதலாளி நயமாகத்தான் பேசினார்.

“உன் நல்லதுக்குத்தான்யா சொல்றேன். மெஷின்ல உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா?”

சந்தேகம் மேஸ்திரியின் வலது கையைக் காட்டினார். பிரஸ்ஸில் போன இரண்டு விரல்களின் இடம் அங்கே மொட்டையாக இருந்தது.

“மொதலாளி, ரெண்டு காலும் நல்லா இருக்கற மேஸ்திரிக்குத்தான் வெரல் போச்சி. அவர காத்தாடிக்குக் கீழ உக்கார வச்சீங்களா?”

மேஸ்திரி கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். “டிரில்லிங் மெஷின அவனுக்குக் குடுங்க. உயரமா ஒரு ஸ்டூல் அடிச்சிப் போடுங்க,” என்று மேஸ்திரியேதான் சொன்னார். மற்ற மெஷின்களை சந்தேகம் அவரவரிடம் ஒப்படைத்தார். ஸ்டூலை மட்டும் நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

வேலையில் புலி என்றெல்லாம் சொல்லமாட்டேன். முதல் வாரமே டிரில் பிட்டை உடைத்தார், ஓட்டையைத் தள்ளிப் போட்டார். ஒரு நாள் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. “அறிவிருக்காய்யா ஒனக்கு? கண்ண எங்க வச்சிருந்த?” என்று எல்லார் முன்னாலும் கிழிகிழியென்று கிழித்தார். அதுவரை சந்தேகத்தை முதலாளி ஒரு வார்த்தை அதட்டியதில்லை.

முதலாளி போனதும் சந்தேகம் ஸ்டூலிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தம்பி, நெசமாத்தான் திட்டினாரா? இல்ல, பாவம், இவன் மனசு குளிரட்டும்னு திட்டினாரா?”

“நெசமாத்தாண்ணே திட்டினாரு. நேத்து என்னத் திட்டினத விட ஒரு படி மேல,” என்றேன்.

என் முகத்தை உற்றுப் பார்த்தார். எதிர்க்கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, காது வரைக்கும் சிரித்துக்கொண்டே மெஷினை ஓட்டினார். அன்றைக்கு முழுவதும் அந்தச் சிரிப்பைப் பார்க்கவே நான் லேத்தை விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.