தொண்ணூறுக்கு அப்புறம்

“வெள்ளிக்கிழமைக்குள்ள என் ஆறு பிள்ளைங்க மட்டுமில்லக்கா, இந்தக் கட்டடமே தமிழ்ல நூறு வரைக்கும் எண்ணும்.”

சிங்கப்பூரில் தெம்பனிஸ் பாலர்பள்ளியில் தமிழ் சொல்லித்தரும் நிரஞ்சனா இப்படிச் சொன்னபோது, பக்கத்து வகுப்பு ஆசிரியை ஜோசபின் குடித்த மைலோ மூக்கு வழியாக வந்தது.

“உன் பிள்ளைங்க இருபத்தொம்பதுக்கு அப்புறம் இருபத்திப்பத்துங்கிறாங்க. கொஞ்சம் அடக்கி வாசிலா.”

அடக்கி வாசிக்க நேரமில்லை. வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் நூறைத் தொடாவிட்டால், அடுத்த ஆண்டு தமிழ் நேரம் ரோபோ வகுப்புக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

நிரஞ்சனா தேக்கா சந்தைக்கு ஓடி ஒரு டின் முறுக்கு வாங்கிவந்தாள். “நூறு சொன்னா முறுக்கு.”

இரண்டே நாளில் எண்பத்தொன்பது வரை பறந்தார்கள். “தொண்ணூறு” என்றதும் ஆறு பேரும் டின்மேல் பாய்ந்தார்கள்.

“டேய், இன்னும் பத்து இருக்குடா.”

“நூறுன்னு கேட்டுச்சே டீச்சர்,” என்றான் ஷாஹித், வாய் நிறைய முறுக்கோடு.

“தொண்ணூறுல ஓடி வந்தா முறுக்கு கிடையாது.”

மறுநாள் அவர்கள் தொண்ணூறைத் தொடவே இல்லை. எண்பத்தொன்பதிலிருந்து ஒரே தாவலில் நூறுக்குப் போய்விட்டார்கள்.

“தொண்ணூறு வரைக்கும் நீங்க சொல்லுங்க, அப்புறம் நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க,” என்று அவளே தொண்ணூற்றொன்றிலிருந்து கத்த ஆரம்பித்தாள். சாதாரணக் கத்தலா அது? எதிர் புளோக் பத்தாவது மாடியில் காய்ந்த துணிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டன. பிள்ளைகளோ கடைசிப் பத்து டீச்சரின் வேலை என்று முடிவுகட்டி, அந்த இடைவேளையில் ஷூவைக் கழற்றி மாட்டினார்கள்.

“இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று ஜோசபின் காதைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

“நாளைக்குப் பாருங்க,” என்றாள் நிரஞ்சனா. பாதிக் குரல்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை மீதிப் பாதியும் போயிற்று. பெற்றோர் கைபேசிகளை உயர்த்தினார்கள். தலைமையாசிரியை நோட்டைத் திறந்தார்.

“எண்பத்தொன்பது, தொண்ணூறு.”

ஆறு தலைகளும் நிரஞ்சனா பக்கம் திரும்பின. அவள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது.

“டீச்சர், உங்க டர்ன்,” என்றாள் குட்டி அபிகேல்.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைமையாசிரியை நோட்டை மூடினார்.

அப்போது பக்கத்து வகுப்புக் கதவு திறந்தது. ஜோசபின் பேயறைந்தவள்போல் நின்றாள்.

“மேடத்தை அந்த நோட்டைத் திறக்கச் சொல்லு நிரா. உன் பிள்ளைங்க தொண்ணூறுல நிறுத்தினதும், மீதிப் பத்தையும் என் கிளாஸ் சீனப் பிள்ளைங்க தமிழ்லயே எண்ணி முடிச்சிட்டாங்க.”